ஏலாது என்று சொன்னவள்

எங்கள் கந்தோரின் சேர்வரில் எதையும் மாற்றக்கூடிய கணக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது என் கையில் இருந்தது. ஆகவே அதற்குள் ஒரு களவு நடந்தால் கள்ளி நான்தான். இப்படி யோசித்தவர்கள் யாரும் முட்டாள்கள் இல்லை. அவர்களுடைய இடத்தில் நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் யோசித்திருப்பேன். எனக்கு இன்றைக்கும் வயிறு எரிவது அதனால்தான்.

திருகோணமலை உள்துறைமுகத்தின் பக்கமாக, கப்பல்களில் வரும் சரக்கை லொறிகளில் ஏற்றி அனுப்பும் ஒரு தனியார் நிறுவனம். அதன் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. உரக் கப்பல் வரப்போகிறது என்ற கதை பரவினால் போதும், பொலன்னறுவையிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் லொறிகள் வந்து சீனன்குடாப் பாதையோரம் நீளத்துக்கு நிற்கும். முதலில் உள்ளே போகிற லொறி அன்றைக்கே சுமையோடு வீட்டுக்குப் போகும். கடைசியில் நிற்கிறவர் நாட்கணக்கில் லொறிக்குக் கீழே படுத்து, யாரோ வீட்டுக் கிணற்றில் குளித்து, கடைச் சோறு தின்று காய வேண்டும். அதனால் அங்கே முறைதான் எல்லாம். நான் வருவதற்கு முன் அந்த முறையை வாசலில் ஒரு பலகையில் வெண்கட்டியால் எழுதினார்கள். வெண்கட்டி எழுத்தைச் சேட்டுக் கையால் துடைக்க எவ்வளவு நேரம் வேண்டும்? ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு அடிபிடி. ஒருமுறை ஒரு லொறியின் முன்கண்ணாடியே போனது.

அந்தப் பலகையை எடுத்தது நான்தான். லொறி வந்ததும் பெயர் கணினியில் பதியப்படும், வரிசையின் கடைசியில் போய்ச் சேரும். பதிகிற மேசையில் இருப்பவர்களுக்கும் தராசடியில் இருப்பவர்களுக்கும் கொடுத்தது சாதாரணக் கணக்கு. அவர்கள் கடைசியில் ஒரு பெயரைச் சேர்க்கலாம், அவ்வளவுதான். ஒருவரைத் தூக்கி முன்னால் வைக்க அட்மின் கணக்கு வேண்டும். மனேஜர் கூட ஒரு நாள் கேட்டுப் பார்த்தார்.

"எனக்கும் ஏலாதா மிஸ்?"

"உங்களுக்கும் ஏலாது சேர்."

அவர் சிரித்தார். ஆனால் மறக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சாரதிமாருக்குள் முதலில் என்னை நம்பியவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பெரியவர், எங்கள் எல்லோருக்கும் நானா. சொந்த லொறி வைத்து ஓடுகிறவர், நரைத்த தாடி, சந்தேகப் பிராணி. என் யன்னலடியில் வந்து நின்று கேட்டார்.

"தங்கச்சி, இந்த மெசினுக்குள்ள ஆரும் கைய வைக்க ஏலாதா?"

"ஏலாது நானா."

"பெரிய இடத்து ஆக்கள் வந்து சொன்னாலும்?"

"ஆர் வந்தாலும் ஏலாது."

அவர் அதைத் தேத்தண்ணிக் கடையில் போய்ச் சொன்னார். அடுத்த கப்பலுக்குப் பிறகு எல்லோருமே 'மெசின் சொன்னாச் சரி' என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை. பட்டம் வாங்கினபோது கூட நான் அவ்வளவு நிமிர்ந்து நடக்கவில்லை.

இனி என் சிநேகிதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கதைக்க இன்னும் நாக்கு கசக்கிறது, ஆனாலும் உள்ளதைத்தான் சொல்ல வேண்டும்: அவள் நல்லவள். தொழில்நுட்பக் கல்லூரியில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து கணினி படித்தவள். வேலைக்கும் ஒரே காலத்தில்தான் சேர்ந்தோம். லொறிகளைப் பதிகிற மேசை அவளுடையது, என் மேசைக்கு நேரெதிரே. மத்தியானத்தில் கந்தோர்க் குசினியில் இரண்டு பேரின் சோற்றுப் பார்சலையும் அவிழ்த்து நடுவில் வைத்துச் சாப்பிடுவோம். எது யாருடைய கறி என்று பார்த்த வழக்கமே கிடையாது. என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது முறை வைத்து வந்து பக்கத்தில் இருந்தவள். அவளுடைய அண்ணன் புதிதாக லொறிகள் வாங்கி ஓடவிட்டிருந்தார். அந்த லொறிகளும் எல்லோருடையதையும் போல எங்கள் வரிசையின் கடைசியில்தான் வந்து நின்றன. அவள் ஒரு நாளும் ஒரு உதவி கேட்டதில்லை.

நவராத்திரிக் கிழமையில்தான் ஒரு பாதுகாப்பு ஓட்டையைப் பற்றிய அறிவித்தல் வந்தது. எங்கள் சேர்வரில் ஓடுகிற இயங்குதளத்திலேயே ஒரு பிழை. உள்ளே நுழையச் சாதாரணக் கணக்கு ஒன்று இருந்தால் போதும், அதை வைத்தே ஒருவர் அட்மின் ஆகிவிடலாம். உலகம் முழுக்க இருந்த பிழை. திருத்தமும் வந்திருந்தது. அந்தத் திருத்தத்தைப் போட்டு, சேர்வரை ஒருமுறை நிறுத்தி எழுப்பினால் ஓட்டை அடைபட்டுவிடும்.

எனக்கு இப்படியானவற்றை வாசித்தால் யாருக்காவது சொல்லியே ஆக வேண்டும். அன்றைக்கு மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே அவளுக்குச் சொன்னேன்.

"இஞ்ச பார், கோயிலில மூலஸ்தானத்துக்குள்ள ஐயர் மட்டும்தானே போகலாம்? ஆனா உள்ளுக்கு எண்ணெய், பூ எடுத்துக் குடுக்க ஒரு ஆள் இருக்கும். அந்த ஆளிட்டயும் கதவுத் திறப்பு ஒண்டு இருக்கும். சேர்வருக்குள்ளயும் அப்பிடிச் சின்னச் சின்ன புரோகிராம் இருக்கு. சாதாரண ஆக்கள் கேட்டா, அதுகள் உள்ளுக்குப் போய் ஒரு வேலையைச் செய்து குடுக்கும். அதில ஒண்டு, கேக்கிறது என்ன எண்டு சரியாப் பாக்காமலே திறப்பைக் குடுத்திடுது."

"அப்ப ஆரும் ஐயர் ஆகலாமோ?"

"ஆகலாம். செய்யிற விதத்தை இன்டர்நெட்டில போட்டும் இருக்கிறாங்கள். நான் பின்னேரமே அப்டேட்டைப் போட்டு ரீஸ்டார்ட் பண்ணப்போறன்."

அவள் சொதியை என் பக்கம் தள்ளினாள்.

"பின்னேரம் பூசையடி. பூசையில வச்சதை நிப்பாட்டி எழுப்பாத. விசயதசமியண்டு காலமை முதல் வேலையாச் செய், துலங்கும்."

எங்கள் கந்தோரில் பூசை என்றால் அப்படித்தான். சரஸ்வதி படத்துக்கு முன்னால் கப்பல் தாள்களை அடுக்கி வைப்போம், ஒவ்வொரு கணினியையும் நிறுத்தி, எழுப்புகிற பொத்தானில் சந்தனம் வைத்துக் குங்குமம் இடுவோம். பொட்டு வைத்துவிட்டால் விசயதசமி காலை வரை யாரும் தொடக்கூடாது. அந்தப் பொட்டை அழித்து எழுப்புவதுதான் அந்த ஆண்டின் முதல் வேலை. சேர்வரை மட்டும் நிறுத்துவதில்லை, அதன் மேல் ஒரு பட்டுத் துணியைப் போர்த்திவிடுவோம். இடையில் வரும் விடுமுறை நாளில் லொறிப் பதிவும் கிடையாது, கப்பலும் துறையில் இல்லை. யாருமே கை வைக்காத நாட்கள். மெசினைத் தொட்டால் சாமி குற்றம் என்று மேலதிகாரி முதல் கூட்டுகிறவர் வரை நம்புகிற இடத்தில், ஓட்டை ஒரு நாள் கூடத் திறந்திருந்தால் என்ன? எந்தக் கள்வன் வரப்போகிறான்? அவள் சொன்னதும் எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

பொட்டு வைப்பது ஒவ்வொரு வருடமும் அவள்தான். எனக்குக் கை நடுங்கும், அவளுக்கு வட்டம் பிசகாது. விடுமுறை நாளில் விளக்கு அணையாமல் பார்க்க வந்து போவதும் அவள்தான். அதற்காகக் கந்தோர்க் கதவின் திறப்பு அவளிடம் இருக்கும்.

விசயதசமி காலையில் நேரத்தோடு போனேன். கற்பூரம் காட்டி, வடை தின்று, எல்லோரும் அவரவர் மேசைக்குப் போனோம். என் கணினியில் வைத்த சந்தனம் காய்ந்து வெடித்து, பாதி மேசையில் உதிர்ந்து கிடந்தது. பக்கத்து மேசையிலும் அப்படித்தான். அவளுடையதில் மட்டும் ஒரு வெடிப்பும் இல்லை. வட்டம் முழுசாக, குங்குமம் அப்போதுதான் வைத்தது போலப் பளிச்சென்று இருந்தது.

"உன்ர பொட்டு மட்டும் அழியாமல் இருக்குதடி," என்றேன்.

"சரஸ்வதிக்கு என்னில ஒரு பட்சம்," என்று சிரித்துவிட்டு விரலால் அதை அழித்துக் கணினியை எழுப்பினாள்.

நானும் சிரித்தேன். பிறகு சேர்வரின் பட்டுத் துணியை எடுத்து, திருத்தத்தைப் போட்டு, நிறுத்தி எழுப்பினேன். ஓட்டை அடைபட்டது. எனக்கு மனதுக்குள் ஒரு திருப்தி.

மறுநாள் கப்பல் வந்தது. முறை அச்சாகி வாசலுக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் வாசலில் கூச்சல் கேட்டது. கணினி வந்தபிறகு நான் கேட்டிராத கூச்சல். பூசைக்கு முதல் நாள் வந்து கடைசியில் நின்ற லொறிகள் சில, எல்லோருக்கும் முன்னால் இருந்தன. தனக்கு முன்னால் யார், பின்னால் யார் என்பது சாரதிமாருக்கு மனப்பாடம், அவர்களை ஏமாற்ற முடியாது. முதலாவதாக நின்றிருக்க வேண்டிய கிண்ணியா நானா என் யன்னலடிக்கு வந்தார். அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். அவர் மெல்லத்தான் கேட்டார்.

"தங்கச்சி, நீங்களுமா?"

சேர்வரைத் திறந்து பார்த்தேன். வரிசையை மாற்றியது அட்மின் கணக்கு, விடுமுறை நாளில். எந்த மேசையிலிருந்து யார் உள்ளே வந்தார்கள் என்று காட்ட வேண்டிய பதிவுகள் கழுவிக் கவிழ்த்த சட்டி போலச் சுத்தமாக இருந்தன. அட்மின் ஆனவருக்கு அதை அழிப்பது ஒரு வேலையே இல்லை.

மனேஜர் கூப்பிட்டார். முன்னால் போன லொறிகள் யாருடையவை என்று அவர்தான் எனக்குச் சொன்னார்.

"உங்கட சிநேகிதியின்ர அண்ணன்ர லொறிகள் மிஸ். பழகின தோசத்துக்கு ஒரு உதவி செய்திருக்கிறீங்க போல."

"நான் செய்யேல்ல சேர். சேர்வரில ஒரு ஓட்டை இருந்தது. சாதாரணக் கணக்கு வச்சிருக்கிற ஆரும் அட்மின் ஆகியிருக்கலாம்."

"இப்ப ஆகிக் காட்டுங்க பாப்பம்."

"இப்ப ஏலாது. விசயதசமியண்டு நான் அதை அடைச்சிட்டன்."

அவர் கதிரையில் சாய்ந்தார்.

"நல்ல கதை மிஸ். ஆருக்கும் ஏலாது, எனக்கே ஏலாது எண்டு சொன்னது நீங்கள். இப்ப எல்லாருக்கும் ஏலும் எண்டுறீங்கள். அந்த ஏலுமானதும் இப்ப இல்லை எண்டுறீங்கள்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். வேறொரு கணினியில் அந்தப் பிழையைச் செய்து காட்டுகிறேன் என்றேன். "அது வேற மெசின்தானே," என்றார். வீட்டிலிருந்தபடியே நான் சேர்வருக்குள் வர முடியும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆகவே விடுமுறை நாளில் நான் கந்தோருக்கு வரவில்லை என்பதாலும் ஒரு பிரயோசனமும் இல்லை. அடுத்த நாள் மேலிடத்திலிருந்து ஒருவர் வந்து விசாரிப்பார் என்றார். வேலை போனால் போகட்டும் என்று அந்த நேரத்தில் நினைத்தேன். ஆனால் வாசலில் நிற்கிற அத்தனை பேரும் என்னைக் கள்ளி என்று நினைத்துக்கொண்டு போவார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மேசைக்குத் திரும்பி வந்து அமர்ந்தேன். எதிரே அவளுடைய கணினி. எழுப்புகிற பொத்தானில் மஞ்சளாகக் கறை ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பொட்டு ஏன் வெடிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதை அழித்து, கணினியை எழுப்பி, வேலையை முடித்து, நிறுத்திவிட்டுத் திரும்பவும் வைத்திருக்கிறாள். வேறு யாராக இருந்தாலும் துடைத்துவிட்டுப் போயிருப்பார்கள். சாமி குற்றத்தைச் செய்த பிறகும் அவளால் பொட்டில்லாமல் விட முடியவில்லை.

அன்று மத்தியானம் குசினியில் அவள் பார்சலை அவிழ்த்தாள். நான் அவிழ்க்கவில்லை.

"பொட்டை ஏன் திரும்ப வச்சனீ?" என்று கேட்டேன்.

அவள் கை சோற்றில் நின்றுவிட்டது. பொய் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் கூட நன்றாக இருந்திருக்கும்.

"வெறுமையா விட மனம் வரேல்ல," என்றாள்.

"அடிப்பாவி."

"அண்ணன் போன முறையும் கிடந்து காஞ்சவர். ஒருக்காத்தான் எண்டு நினைச்சன். அட்மினைப் போய் ஆர் கேள்வி கேக்கப்போறாங்கள்? உனக்கு ஒண்டும் வராது எண்டுதான் நினைச்சன், சத்தியமா."

"விசயதசமி வரைக்கும் பொறு எண்டு சொன்னியே. அண்டைக்கே இதை நினைச்சுத்தான் சொன்னியா?"

அழுதாள். அழுகை உண்மையானது, அதையும் நான் மறுக்கவில்லை. நாளைக்கு விசாரிக்க வருகிறவரிடம் தானே எல்லாவற்றையும் சொல்வதாக, சரஸ்வதி படம் இருந்த பக்கம் கையைக் காட்டிச் சத்தியம் செய்தாள். நான் நம்பினேன். ஏன் நம்பினாய் என்று என் தங்கச்சி இன்னும் ஏசுகிறாள். கூடவே உண்டு வளர்ந்த பழக்கம் ஒரு நாளில் விட்டுப்போகுமா? அன்று பின்னேரம் வீட்டுக்குப் போகும்போது அவளுக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டுதான் போனேன்.

மறுநாள் மனேஜரின் அறையில் என்னையும் வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டார்கள். மேலிடத்தால் வந்தவர் வயதான மனிதர், மரியாதையானவர். அவளும் கணினி படித்தவள் என்பதால் கேட்பதாகச் சொன்னார்.

"ஒரு விசயம் சொல்லுங்க பிள்ளை. உங்களிட்ட இருக்கிற மாதிரிச் சாதாரணக் கணக்கு ஒண்டால இந்த வரிசையை மாத்த ஏலுமா?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. யன்னலுக்கு வெளியே லொறிகள் நின்ற பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ஏலாது சேர். அவதான் எங்களுக்கு அப்பிடிச் சொல்லித் தந்தவ."

அந்த அறையில் நான் கத்தினேன். பொட்டைப் பற்றிச் சொன்னேன். மனேஜரும் வந்த மனிதரும் என்னைப் பார்த்த பார்வை, புத்தி பேதலித்தவளைப் பார்க்கிற பார்வை. கணினியில் வைத்த சந்தனம் வெடிக்கவில்லை, ஆகவே இவள் கள்ளி. இதைச் சொன்ன என் வாய்க்கே அது பைத்தியக் கதையாகத்தான் கேட்டது. அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் அது விளங்கும். நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்று சும்மா வாயால் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன், அதன் வலி அன்றைக்குத்தான் தெரிந்தது.

என்னை வேலையால் நிறுத்தவில்லை. பெரிய மனது பண்ணி அட்மின் கணக்கை மட்டும் எடுத்துவிட்டார்கள். அதை யாரிடம் கொடுப்பது? கந்தோரில் கணினி படித்த இன்னொருத்தி அவள்தானே. அவள் கேட்காமல் நானாகச் செய்த உதவி என்று முடிவுகட்டியிருந்தார்கள். நான் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, அவள் கணினிக்கு முன்னால் இருந்து அடித்தாள். அவளுடைய கணக்கு அட்மின் ஆனது. என்னுடையது சாதாரணக் கணக்கானது. ஓட்டைக்குள்ளால் திருடி எடுத்ததை வாசலாலேயே கூப்பிட்டுக் கொடுத்தார்கள். எல்லாம் முடிந்து எழும்பும்போது, "என்னை மன்னிச்சுக்கொள்ளடி," என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். நான் வந்து என் பையை எடுத்தேன். அடுத்த மாதமே வேலையை விட்டேன்.

இப்போது நகரத்தில் ஒரு மருந்துக் கடைக்காரருக்கும் இன்னும் சிலருக்கும் கணினி பார்த்துக் கொடுக்கிறேன். சோற்றுக்குக் குறைவில்லை. யாராவது "இதுக்குள்ள ஆரும் வர ஏலாதுதானே மிஸ்?" என்று கேட்டால், "இண்டைக்கு எனக்குத் தெரிஞ்ச அளவில ஏலாது," என்று மட்டும் சொல்கிறேன். அவர்களுக்கு அந்தப் பதில் பிடிப்பதில்லை.

போன மாதம் ஒரு வேலையாகக் கிண்ணியாவுக்குப் போய்விட்டு வரும்போது, பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடையில் அந்த நானாவைக் கண்டேன். லொறியை ஓரமாக நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். பார்க்காதது போலப் போகத்தான் நினைத்தேன். அவர்தான் கூப்பிட்டார், பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு எனக்கும் ஒரு பிளேன்டீ சொன்னார். வீட்டைப் பற்றி, என் அம்மாவைப் பற்றி விசாரித்தார்.

"இப்ப மெசின் நல்லா ஓடுது தங்கச்சி," என்றார். "நீங்க போனதுக்குப் பிறகு ஒரு பிரச்சினையும் இல்லை. அந்தப் பிள்ளை நேர்மையா முறை தருது."

அவள் இனிச் செய்ய மாட்டாள் என்று எனக்கும் தெரியும். அதனால்தான் அந்தச் சொல் அவ்வளவு சுட்டது. நான் கோப்பையைப் பிடித்தபடி இருந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் குரலைத் தாழ்த்தினார்.

"நான் அதை எப்பவோ மறந்திட்டன். மனிசர் எண்டாப் பிழை விடுறதுதானே. அல்லாஹ்வுக்காக உங்களை மன்னிச்சிட்டன் தங்கச்சி."

"நான் செய்யேல்ல நானா," என்றேன்.

அவர் இரக்கத்தோடு தலையை ஆட்டினார்.

"ஓம் தங்கச்சி, ஓம். அதை விடுங்க. பிளேன்டீயைக் குடிங்க, ஆறப்போகுது," என்றார்.